டோல் இல்லாத ரோடு

ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குள் நுழையும்போது ரோட்டுக்குக் குறுக்கே ஒரு வளைவு நிற்கும். நம் ஊர் டோல் மாதிரி அங்கே தடுப்புக் கட்டை கிடையாது, கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டு கிழிப்பவர் கிடையாது, சில்லறைக்குச் சண்டையும் கிடையாது. வண்டியின் முன் கண்ணாடியில் ஒட்டிய சின்ன ஸ்டிக்கரை அந்த வளைவு படித்துக்கொள்ளும். வேகத்தைக் குறைக்கக்கூட வேண்டாம், பணம் தானாகப் போய்விடும். எந்த வண்டி, எந்த கேட், எத்தனை மணி எத்தனை நிமிடம் என்பதெல்லாம், வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் போனில் இருக்கும் ஆப்பில் வரிசையாக ஏறிவிடும்.

எங்கள் வீட்டு வண்டிகள் இரண்டும் என் கணவர் பெயரில் இருந்தன. நான் ஓட்டிய சின்ன வெள்ளை வண்டியும் சேர்த்துத்தான்.

லைசென்ஸ் எடுக்கச் சொன்னவர் அவர்தான். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. "ஸ்கூல் பஸ்ல ஊரெல்லாம் சுத்தி பிள்ளை ஒண்ணரை மணி நேரம் வேகுது. நீயே ஓட்டப் பழகு" என்றார். நான் இரண்டு தடவை ஃபெயில் ஆனேன். இரண்டு தடவையும் அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. மூன்றாம் தடவை பாஸானபோது வேலை முடிந்து வரும்போது ஒரு கிலோ அல்வா வாங்கி வந்தார். நான் ஷார்ஜாவில் ஒரு கிளினிக்கின் லேபில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தேன். காலை ட்யூட்டி. இரண்டரை மணிக்கு முடியும். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். ஒரு வருடம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியது.

என் அண்ணன் துபாயில், ஊரை இரண்டாகப் பிரிக்கும் கடல்கழியின் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார். எங்களுக்கு முன்பே வந்தவர். ஒரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தார். என் கணவருக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அதை மறக்கவும் மாட்டார், யாரையும் மறக்க விடவும் மாட்டார்.

மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு ஹோட்டலில் சின்ன ஹால் எடுத்திருந்தோம். கணவரின் ஆபீஸ்காரர்கள், என் கிளினிக்காரர்கள், அக்கம்பக்கம் என்று நாற்பது பேர் இருக்கும். கேக் வெட்டும் நேரத்தில் அண்ணன், பக்கத்தில் நின்ற ஒருவரிடம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "மாப்பிள்ளைக்கு விசா அடிச்சதே நான்தான் சார். இன்டர்வியூல நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேச வரல. நான்தான் உள்ள தள்ளிவிட்டேன்."

சிரிப்பு கிளம்பியது. என் கணவர் கையில் கேக் கத்தி இருந்தது. அவரும் சிரித்தார். மகளின் கையைப் பிடித்து கேக்கை வெட்டினார், எல்லோருக்கும் ஊட்டினார், அண்ணனுக்கும் ஊட்டினார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஹேங்கரில் மாட்டிய பிறகுதான் பேசினார்.

"இனிமே உங்கண்ணன் வீட்டு வாசல்ல என் வண்டி நிக்கக் கூடாது."

மூன்று மாதத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு ஷார்ஜாவிலேயே வேறு வேலை தேடிக்கொண்டார். நான் அண்ணனிடம் போனில் சொன்னேன், "ஒரு வார்த்தை ஸாரின்னு சொல்லிடு அண்ணா." அண்ணன் கேட்டார், "நான் என்ன பொய்யா சொன்னேன்?"

இரண்டு பேரையும் ஒரே அளவுக்கு வெறுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த வெறுப்பில் தப்பு இருந்ததாகத் தோன்றவில்லை.

ஒரு வருடம் போக்குவரத்தே இல்லை. அதற்குப் பிறகு அண்ணிக்குக் கர்ப்பப்பையில் ஆபரேஷன் ஆனது. ஊரிலிருந்து வர ஆளில்லை. அண்ணனுக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை கிளினிக் முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு, ரசமும் பொரியலும் டப்பாவில் எடுத்துக்கொண்டு நேரே போனேன். இருபத்தைந்து நிமிடம். அண்ணிக்குத் தலை வாரிவிட்டு, இரண்டு நாளைக்குச் சமைத்து வைத்துவிட்டுத் திரும்பினேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் கணவர் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். "நாலு பத்துக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன வேலை?"

யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். போகும்போது இரண்டு கேட், வரும்போது இரண்டு கேட். நாலு வரி.

"நான் ஒண்ணும் வேவு பாக்கல" என்றார். "என் அக்கவுண்ட். டாப்-அப் பண்றவன் பாக்கத்தான் செய்வான்."

"மாலுக்குப் போனேன்" என்றேன்.

"எந்த மால்?"

ஒரு பெயரைச் சொன்னேன். தலையாட்டினார். பொய் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். மகள் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிட்டாள்.

மறுநாள் கிளினிக்கில் கூட வேலை பார்க்கும் நர்ஸிடம், டோல் இல்லாமல் அந்தப் பக்கம் போக வழி உண்டா என்று கேட்டேன். காசு மிச்சம் பிடிக்கக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு லேப் ஃபாரத்தின் பின்பக்கம் வரைந்து காட்டினாள். ஊருக்குள் நுழையாமல் வெளியே பாலைவனத்தை ஒட்டிப் போகும் பெரிய ரோடு. அதில் தெற்கே இறங்கி, அந்தக் கழியைச் சுற்றி, பின்பக்கமாக ஊருக்குள் வர வேண்டும். ஒரு கேட் கூடக் கிடையாது. "ஆனா ஃபுல்லா ட்ரெய்லர். ஒரு மணி நேரம் ஆகும். நாலு திர்ஹத்துக்கு இந்தக் கஷ்டம் எதுக்குச் சேச்சி?" என்று மலையாளமும் தமிழும் கலந்து கேட்டாள்.

அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமைகளில் அந்த ரோட்டில்தான் போனேன். இரண்டு பக்கமும் கான்கிரீட் குழாய் ஏற்றிய ட்ரெய்லர்கள், ஜல்லி லாரிகள், தண்ணீர் டேங்கர்கள். என் சின்ன வண்டி அவற்றுக்கு நடுவே ஆடும். காற்று அடிக்கிற நாளில் மணல் ரோட்டுக்குக் குறுக்கே புகை மாதிரி ஓடும். அண்ணிக்கு உடம்பு தேறிய பிறகும் நான் நிறுத்தவில்லை. அண்ணன் வீட்டில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்காக இரண்டு மணி நேரம் ஓட்டினேன். அண்ணன் மேல் பாசம் பொங்கி வழிந்தது என்றெல்லாம் இல்லை. பாதி நாள் அவர் என் கணவரைப் பற்றி ஏதாவது சொல்வார், நான் பதில் சொல்வேன், வாய்ச்சண்டையில் முடியும். உண்மையான காரணம் வேறு. இரவு சாப்பாட்டுக்கு முன்னால் என் கணவர் சோபாவில் உட்கார்ந்து அந்த ஆப்பைத் திறப்பார். விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பார். அங்கே ஒன்றுமே இருக்காது. அதை அடுக்களை வாசலில் நின்று பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. நான் ஜெயித்த மாதிரி இருந்தது.

மகளிடம் ஒரு தடவைதான் சொன்னேன். "மாமா வீட்டுக்குப் போனதை அப்பாகிட்டச் சொல்ல வேண்டாம்." ஏன் என்று அவள் கேட்கவில்லை. அதற்குள் அவளுக்கு ஏழு வயது ஆகியிருந்தது.

ஜூன் மாதம், பள்ளி லீவு விட இரண்டு வாரம் இருந்தது. மூன்றரை மணி வெயில். வெளி ரோட்டில் நூறில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் ஏதோ வெடித்தது. லாரி இடித்துவிட்டது என்றே நினைத்தேன். வண்டி இடது பக்கம் இழுத்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, பிரேக்கை அழுத்தாமல் இரு என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தது மட்டும் ஞாபகம் வந்தது. பக்கத்து லேனில் வந்த ட்ரெய்லரின் ஹாரன் எங்களைத் தாண்டிப் போகிறவரை நிற்கவில்லை. எப்படியோ நாலு லேனைக் கடந்து ஓரத்துக்கு வந்து நின்றோம். பின் டயர் கந்தலாகத் தொங்கியது.

மகள் அழவில்லை. "அம்மா, ஏசி வரலை" என்று மட்டும் சொன்னாள்.

இறங்கியபோது தரையின் சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. வண்டிக்குள் இருந்தாலும் வேகும், வெளியே நின்றாலும் வேகும். கொஞ்ச தூரம் தள்ளி ஒரு டேங்கர் நின்றது. வயதான பாகிஸ்தான் பட்டாணிய டிரைவர் ஒருவர் இறங்கி வந்தார். டயரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். உருதுவில், பிள்ளையை முதலில் நிழலுக்குக் கொண்டு வா என்றார். டேங்கரின் நிழலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு அவளை உட்கார வைத்து, ஐஸ் போட்ட தண்ணீர் கொடுத்தார். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்தார். அதில் காற்றே இல்லை. கட்டைவிரலால் அமுக்கிக் காட்டி உதட்டைப் பிதுக்கினார்.

"ஆத்மியைக் கூப்பிடு" என்றார். வீட்டுக்காரரைக் கூப்பிடு என்று அர்த்தம்.

கூப்பிட்டேன். டயர் வெடித்துவிட்டது, இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை என்றேன். கணவர் கேட்ட முதல் கேள்வி, "எங்க நிக்கிற?" சொன்னேன். "அந்த ரோட்டுல ஏன் போன?"

"வழி தவறிட்டேன்."

"அங்கயே நில்லு."

முக்கால் மணி நேரத்தில் வந்தார். அதுவரை அந்த டிரைவர் போகவில்லை. என் கணவர் அவருக்குக் கை கொடுத்தார், நன்றி சொன்னார், டேங்கர் நகரும்வரை காத்திருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"வழி தவறி இருபது கிலோமீட்டர் வருவியா?"

"ஒரு எக்ஸிட்டை விட்டுட்டேன். திரும்ப இடமில்ல."

"ஸ்கூல்லேர்ந்து வீடு பத்து நிமிஷம். எக்ஸிட்டே கிடையாது."

நான் இன்னொரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். மகள் அவர் வண்டியின் பின்சீட்டிலிருந்து இறங்கி எங்கள் நடுவே வந்து நின்றாள். அவளுக்கு நிறையப் பேச வேண்டுமென்றால் ஆங்கிலம்தான் வரும். அம்மா எப்போதும் இந்த வழியில்தான் போவார்கள், இங்கே கேட் இல்லை, அப்பா போனில் எங்களைப் பார்க்க முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சண்டையைத் தீர்த்து வைக்கிற மாதிரி, விளக்கமாக, நிதானமாகச் சொன்னாள்.

ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவர் என்னைப் பார்த்தார். அதுவரை அப்படி ஒரு பார்வையை அவரிடம் நான் பார்த்ததில்லை. என்னை ஓங்கி அடித்திருந்தால்கூட பதிலுக்கு ஏதாவது செய்திருப்பேன். "வண்டில ஏறு" என்று மகளிடம் சொன்னார். வெள்ளை வண்டியை ஒரு ரிக்கவரி லாரி இழுத்து வந்தது.

வீட்டில், மகள் குளிக்கப் போன பிறகு ஆரம்பித்தோம்.

"நான் வேண்டாம்னு சொன்னது என் வண்டிய. நீ கொண்டுபோய் லாரிக்கு நடுவுல விட்டது என் பொண்ண" என்றார்.

"நேர் ரோட்டுல விட்டிருந்தீங்கன்னா நான் ஏன் அங்க போறேன்?"

"உன்னை யார் பிடிச்சு வச்சா? என் வண்டில அந்த வீட்டுக்குப் போகாதேன்னேன். அவ்வளவுதான்."

"அது எங்கண்ணன் வீடு."

"நாப்பது பேர் முன்னால என்னைக் கோமாளி ஆக்கினவன் வீடு. நீ அன்னிக்கு ஒரு வார்த்தை பேசினியா? அவன் பக்கத்துல நின்னு நீயும்தானே சிரிச்ச?"

நான் சிரித்தேனா என்பது எனக்கு ஞாபகம் இல்லை. சிரித்திருக்கலாம். எல்லோரும் சிரித்தபோது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சிரித்திருக்கலாம். இரண்டு வருடமாக அவர் இதை மனசில் வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. பரிதாபம் வந்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அன்றைக்கே கேட்டிருக்கலாமே, அதை மனசில் வைத்துக்கொண்டு டோல் கேட்டை விட்டா என்னைக் கேட்க வேண்டும்?

"வண்டியை என் பேருக்கு மாத்துங்க" என்றேன்.

"மாத்த மாட்டேன்."

"அப்ப எனக்கு வண்டி வேண்டாம்."

"கலாஸ்" என்றார். அரபியில் முடிந்தது என்று அர்த்தம். சாவியை டைனிங் டேபிளில் வைத்தேன். அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

டயர் மாற்றி வந்த வெள்ளை வண்டி கட்டிடத்துக்குப் பின்னால் இருந்த மண் பார்க்கிங்கில் நின்றது. நான் பஸ்ஸில் கிளினிக் போனேன், டாக்ஸியில் மகளைக் கூட்டி வந்தேன். லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தோம். அப்போதும் அது அங்கேயே நின்றது. மேலே புழுதி ஏறி வெள்ளையா பழுப்பா என்றே தெரியவில்லை. யாரோ பையன்கள் கண்ணாடியில் விரலால் பூனைப் படம் வரைந்திருந்தார்கள். கடைசியில் முனிசிபாலிட்டிக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள், கழுவாவிட்டால் தூக்கிக்கொண்டு போவோம் என்று. என் கணவர் ஒரு வெள்ளிக்கிழமை பக்கெட்டும் துணியும் எடுத்துப் போய் அதைத் தானே கழுவினார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அடுத்த வாரம் விற்றுவிட்டார். என்னிடம் கேட்கவில்லை.

நான் செப்டம்பரில் பழைய கார் மார்க்கெட்டுக்குப் போனேன். கீழக்கரைக்காரர் ஒருவர் அங்கே கடை வைத்திருந்தார். கிளினிக்குக்குச் சுகர் டெஸ்ட்டுக்கு வருவார், அந்தப் பழக்கம்.

"மாப்பிள்ளை வரலியா தங்கச்சி?" என்றார்.

"அவருக்கு ட்யூட்டி."

"அவர் வந்து ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டா நல்லது. வண்டி விஷயம் பாருங்க."

"நானே ஓட்டிப் பாக்குறேன் பாய். வாங்குறதும் நான்தான்."

"கோவப்படாதீங்க. நாளைக்கு அவர் வந்து எங்கிட்டச் சத்தம் போடக் கூடாதுல்ல" என்றார். அவரிடமும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. நல்ல மனிதர்தான். வண்டியின் கிளட்ச் தேய்ந்திருப்பதை அவராகவே சொல்லி, சரிசெய்து கொடுத்தார். பதிவு ஆபீஸில், முல்கியா என்கிற வண்டிப் பதிவு அட்டையில், உரிமையாளர் என்ற இடத்தில், என் பெயரை அரபியில் அச்சடித்துத் தந்தார்கள். எனக்கு அரபி படிக்க வராது. இது என் பெயர்தானா என்று கவுன்டரில் இரண்டு தடவை கேட்டேன். டோல் ஸ்டிக்கரை பெட்ரோல் பங்கிலேயே வாங்கி, ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் நானே ஒட்டினேன். கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நேர் ரோட்டில், கேட்டுக்கு அடியில், மகளோடு போனேன். போனில் உடனே வந்து ஏறியது. பெரிதாக எதுவும் தோன்றவில்லை. வீட்டில் கணவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. வீட்டில் இரண்டு வண்டி, இரண்டு அக்கவுண்ட், இரண்டு சாவிக்கொத்து. பள்ளிக்கூட விஷயம், கரண்ட் பில், ஊருக்கு டிக்கெட், இவற்றைப் பேசிக்கொண்டோம். பல வீடுகளில் அதைவிடக் குறைவாகத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

இது நடந்து இரண்டு வருடம் கழித்து அண்ணனுக்கு ரியாத்துக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு ஒரு வாரம் இருந்தபோது என் கணவரின் வண்டி வொர்க்ஷாப்பில் கிடந்தது. எனக்கு அன்று லீவு. "உன் வண்டியைக் கொஞ்சம் எடுத்துக்கவா?" என்று கேட்டார். அவர் என்னிடம் அப்படிக் கேட்பது முதல் தடவை. சாவியைக் கொடுத்தேன்.

பதினொரு மணிக்கு துணி மடித்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்து ஆப்பைத் திறந்தேன். தானாகக் கை போனது. அவருடைய ஆபீஸ் ஷார்ஜாவில். போகிற வழியில் ஒரு கேட்டும் கிடையாது. ஆனால் பத்து நாற்பதுக்குப் பாலத்துக்கு முன்னால் இருக்கும் கேட் பதிவாகியிருந்தது. மடித்த துணியை மறுபடி உதறி மறுபடி மடித்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தேன். பன்னிரண்டு ஐந்துக்குத் திரும்பி வருகிற கேட் விழுந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "இன்னிக்கு அங்க யாராவது வந்தாங்களா அண்ணா?"

"பேக்கிங்காரன் வந்தான். ஏன்?"

"சும்மா கேட்டேன். அவர் வரலியா?"

"உன் வீட்டுக்காரரா? அவர் இங்க ஏன் வராரு?"

என் கணவர் மாலையில் வந்து சாவியை டேபிளில் வைத்தார். "டயர்ல காத்து கம்மியா இருந்துச்சு, அடிச்சு வச்சிருக்கேன்" என்றார். எங்கே போனீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால், எப்படித் தெரியும் என்பார். நான் போனைத் திருப்பிக் காட்ட வேண்டியிருக்கும். என்னால் முடியவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் பாதி துபாயே இருக்கிறது. அங்கே அவருக்கு ஆயிரம் வேலை இருக்கலாம். அண்ணன் வீட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. கேட் அதைச் சொல்லாது.

அண்ணனும் அண்ணியும் கிளம்பிய அன்று நானும் மகளும் ஏர்போர்ட் வரை போய் விட்டுவிட்டு வந்தோம். அண்ணன் கடைசிவரை என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வந்தபோது கணவர் சோபாவில் இருந்தார்.

"ஃப்ளைட் டயத்துக்குக் கிளம்பிருச்சா?" என்றார்.

"ம்."

மேலே ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஏதோ எதிர்பார்க்கிற மாதிரி இருந்தார். "கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோச்சு, காலைலயே சொல்லணும்னு இருந்தேன்" என்றேன். அவர் போனை எடுத்து சிலிண்டர்காரருக்கு அடித்தார். நான் உள்ளே போய் மகளின் யூனிஃபார்மைத் துவைக்கப் போட்டேன்.